மகளுக்காகக் கேட்ட கேள்விகள்

கராத்தே வகுப்பில் சேர்வதற்கு முன்னால் நான் கேட்ட கேள்விகள் எல்லாமே என் மகளுக்காகக் கேட்டவை. மாஸ்டரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். மகளுக்கு அப்போது பதினான்கு வயது. கராத்தே என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுளிப்பாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் யாரும் கதவைத் தட்டாத ஓர் அறையும், சார்ஜ் தீராத ஒரு போனும்தான்.

போடியில் எங்கள் வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் கேட்டில் ஒரு சின்ன பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். பெண்களுக்குத் தனி வகுப்பு, காலை நேரம், கீழே ஒரு போன் நம்பர். அந்த நம்பரை நான் எழுதிக்கொள்ளவில்லை. கத்தரிக்காய் வாங்கப் போகும்போதும் வரும்போதும் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகிவிட்டது. பிறகு ஒரு நாள் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் போனை எடுத்தேன்.

மாஸ்டர் பெண் என்பது குரலைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. இளங்குரல்.

“எந்த வயசுலருந்து சேக்கலாம்?”

“சின்னப் புள்ளைகள்லருந்து எடுக்குறோம்க்கா. பாப்பாவுக்கு என்ன வயசு?”

“பதினாலு.”

“தாராளமா கூட்டிட்டு வாங்க.”

“இல்ல, ரொம்ப லேட்டாயிருச்சோன்னு ஒரு யோசனை. வயசு கூடுனவங்க யாராச்சும் வர்றாங்களா?”

“பதினாலு ஒரு வயசாக்கா?” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டேன். உடம்பு வளையாதவர்கள் கற்றுக்கொள்ள முடியுமா, முதல் நாளே சண்டை போடச் சொல்வார்களா, என்ன உடுப்பு போட்டு வர வேண்டும், பிளாக் பெல்ட் வாங்க எத்தனை வருஷம் ஆகும். அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொன்னார். உடம்பு வளைய வளையத்தான் வளையும், முதலில் நிற்கவும் விழவும்தான் சொல்லித்தருவோம், தொளதொள பேண்ட் போதும், பிளாக் பெல்ட்டைப் பற்றி இப்போதே நினைக்க வேண்டாம். நான் ஒவ்வொன்றுக்கும் “சரி, மகள்ட்ட சொல்றேன்” என்றேன்.

அடுத்த தடவை முழங்கால் வலி இருந்தால் சேரலாமா என்று கேட்டேன்.

“பாப்பாவுக்கு முழங்கால் வலியா?”

“லேசா.”

“ஆபரேஷன் பண்ணுன வயிறு தாங்குமா?” இது என் வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது.

“என்ன ஆபரேஷன்க்கா?”

“குடல்வால்” என்றேன். என் மகள் அந்த நேரத்தில் கீழே முழுசான குடல்வாலோடு முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

கடைசியாக ஒரு தடவை, நகைகளைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டேன். தோடு, வளையல், மூக்குத்தி எல்லாம் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும் என்றார். அடுத்த கேள்வி என்னைக் கேட்காமலே வந்துவிட்டது.

“தாலியையுமா?”

எனக்கு மாடியிலிருந்து குதித்துவிடலாம்போல இருந்தது.

“அது வேணாம்க்கா” என்றார் மாஸ்டர். “சட்டைக்குள்ள விட்டு ஊக்கு குத்திக்கலாம். நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு வாங்க. பாப்பா தூங்கட்டும்.”

நான் ஏன் இப்படித் தவித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் என்னை அடிப்பார். இதை இந்த ஒரு வரியாக எழுத இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அவருக்கு மலை மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஏலக்காய்த் தோட்டம். திங்கட்கிழமை விடியுமுன் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற தன் ஜீப்போடு மலையேறிப் போவார், சனிக்கிழமை இறங்கி வருவார். சனியும் ஞாயிறும்தான் என் பயம். ஏலக்காய் விலை இறங்கினால் அடிப்பார் என்று முதலில் நினைத்தேன். அதனால் ஏலம் நடக்கிற நாட்களில் விலை என்ன என்று போனில் பார்த்துக்கொண்டே இருப்பேன். விலை ஏறிய வாரத்திலும் அடி விழுந்த பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஊருக்குள் அவர் நல்ல மனிதர். யார் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தியில் நின்று பரிமாறுவார். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். எங்கள் தெருவுக்கு விஷயம் தெரியும். தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அதுதான் எங்கள் தெருவில் மரியாதை. நானும் அந்த மரியாதையைக் காப்பாற்றினேன். கன்னம் வீங்கினால் பல்வலி. கை வீங்கினால் பாத்ரூமில் வழுக்கியது.

இதில் இன்னொரு வெட்கமும் உண்டு. நான் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. ஒவ்வொரு மகளிர் தினத்துக்கும் பிள்ளைகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பவள் நான்தான். ‘நிமிர்ந்து நில்’ என்று முடிகிற மாதிரி நன்றாகவே எழுதுவேன். பிள்ளைகள் கைதட்டல் வாங்குவார்கள். நான் முன் வரிசையில் முந்தானையைக் கழுத்து வரை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் எதுவும் இல்லை. நானே என்னைக் கேட்டுப் பார்த்தாயிற்று. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல முடியும். அடுப்படியில் அவர் என்னை அடித்தபோது மகள் தோசைத் தட்டோடு வாசலில் நின்றாள். அப்பாவை அவள் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய், தோசையைச் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்தாள். அவள் அழுதிருந்தால் நான் வழக்கம்போல இருந்திருப்பேன். சாப்பிட்டு முடித்துவிட்டாளே என்பதுதான் என்னைத் தூங்க விடவில்லை. இந்த வீட்டில் இது தோசை சுடுகிற மாதிரி ஒரு சோலி என்று அவளுக்குப் பழகிவிட்டது. நாளைக்கு இன்னொரு வீட்டில் அவள் கன்னத்துக்கும் இது பழகிவிடும்.

எனக்கு அவரைத் திருப்பி அடிக்கிற ஆசையெல்லாம் இல்லை. அடுத்த தடவை அந்தக் கை இறங்கும்போது என் கை மேலே போக வேண்டும். ஒரே ஒரு தடவை தடுத்தால் போதும், அதை என் மகள் பார்த்தால் போதும். அதற்காகத்தான் கராத்தே.

முதல் நாள் பேண்ட்டுக்கு மேலே நைட்டியும், நைட்டிக்கு மேலே துண்டுமாகப் போனேன். எங்கள் தெருவில் பால் வாங்கப் போகும் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் போவார்கள். என்ன, நைட்டிக்குக் கீழே பேண்ட் எட்டிப் பார்க்காது. நடைப்பயிற்சி என்று வீட்டில் சொல்லியிருந்தேன். மண்டபத்து மாடியில், முந்தின நாள் வளைகாப்பு நடந்த இடத்தில், தரையெல்லாம் அரிசியும் உதிரிப் பூவுமாகக் கிடந்தது. நாங்களே கூட்டித் தள்ளிவிட்டு நின்றோம். கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர், ஒரு நர்ஸ், பேங்கில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. எல்லோருக்கும் என்னைவிட வயது குறைவு. கையைக் காலை உதறச் சொன்னதிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. மாஸ்டர் என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“மெட்டியையும் கழட்டிருங்கக்கா. மிதிக்கும்போது எதிராளிக்குக் கிழிச்சிரும்” என்றார்.

அது கழன்று வருவதாக இல்லை. கல்யாணத்தில் அம்மி மேல் கால் வைத்துப் போட்டது, அதற்குப் பிறகு விரல் பெருத்துவிட்டது. மண்டபத்துக் குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு இழுத்தேன். கழன்ற இடத்தில் தோல் வெளுத்து, சுருங்கி, வேறு யாருடைய விரலோ மாதிரி இருந்தது. மெட்டிகளைத் துண்டின் முனையில் முடிந்து வைத்தேன். கூடியிருந்தவர்களில் யாரும் என் காலைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் அம்மணமாக நிற்கிற மாதிரி கூச்சமாக இருந்தது.

சில வாரம் கழித்து உதைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு ஜோடியாக ஒரு கல்லூரிப் பெண். அவள் இடுப்பில் படுகிற மாதிரி காலைத் தூக்கினேன். பட்டது. பட்டதும் என்னை அறியாமல் குனிந்து அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவளும் பதறிப்போய், “ஐயோ அக்கா, பரவாயில்லக்கா” என்று என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இரண்டு பேரும் மாறி மாறிக் கும்பிட்டுக்கொண்டு நின்றோம். மண்டபமே சிரித்தது.

சிரித்த நர்ஸும் அடுத்த உதையில் அதையேதான் செய்தார். பஸ்சில் தெரியாமல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். உதைத்துவிட்டுச் சும்மா நிற்க உடம்பு கேட்கவில்லை.

மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். “இங்க மிதிச்சா ஒவ்வொரு தடவையும் கும்பிட வேணாம். ஆரம்பத்துல ஒரு தடவ, முடியிறப்ப ஒரு தடவ குனிஞ்சு வணக்கம் சொல்றோம்ல? எல்லா மிதிக்கும் சேத்து அதுதான். நீங்க குனிஞ்சு மன்னிப்புக் கேக்குறப்ப எதிராளி ஒங்கள அடிச்சிட்டுப் போயிருவாங்க.”

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடக்கும்போதுதான் அது மனதில் குத்தியது. ஊராரின் மேல் கால் பட்டாலே பதறுகிறவள் நான். என் மேல் கையும் காலும் பட்டபோது ஒருவரும் தொட்டுக் கும்பிடவில்லையே. நான்கூட அதை எதிர்பார்க்கவில்லையே.

கத்துவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. குத்தும்போது வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வர வேண்டும் என்பார்கள். கல்லூரிப் பெண்கள் கத்தினால் கீழே வாட்ச்மேன் எழுந்து வந்து பார்ப்பார். எனக்கு இருமல் மாதிரி ஏதோ வரும். பள்ளியில் முப்பது நாற்பது பிள்ளைகளை ஓர் அதட்டலில் அடக்குகிற தொண்டை இது. ஆனால் வீட்டில் அடி விழும்போது சத்தம் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டதும் இதே தொண்டைதான்.

தடுப்பது மட்டும் எனக்கு நன்றாக வந்தது. மேலிருந்து இறங்குகிற கையை முன்னங்கையால் ஏந்தித் தள்ளுவது. மற்றவர்கள் அலுத்துப்போய் உட்கார்ந்த பிறகும் என் ஜோடிப் பெண்ணை இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கையை ஓங்கச் சொல்வேன். அவள் எவ்வளவு வேகமாக ஓங்கினாலும் என் கை போய்விடும். கண்கூட இமைக்காது. முன்னங்கையில் பச்சை பச்சையாகக் கன்றிப்போயிருக்கும். பள்ளியில் கேட்டால் கராத்தேயில் கன்றியது என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. முதன்முதலாக ஒரு காயத்துக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“கராத்தே தெரிஞ்சா அடி படாம தப்பிச்சிரலாமா மாஸ்டர்?” என்று ஒரு நாள் கேட்டேன். இந்தத் தடவை மகளுக்கு என்று சொல்லவில்லை.

“அப்படி உறுதியா சொல்ல மாட்டேன்க்கா” என்றார். “எதாவது இருந்தா என்கிட்ட சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்” என்றேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் மாட்டிக்கொண்டது மெட்டியால்தான். ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிய நேரமாகிவிட்டது. ஓட்டமும் நடையுமாக வந்து சமையலில் இறங்கினேன். மத்தியானம் அவர் மலையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். நான் ரசம் ஊற்றக் குனிந்தபோது அவர் பார்வை என் காலில் நின்றது.

“மெட்டி எங்க?”

மெதுவாகத்தான் கேட்டார். மெதுவாகக் கேட்டால்தான் எனக்குப் பயம். மெட்டி இரண்டும் துண்டு முனையிலேயே கிடந்தன. மாஸ்டரிடம் அத்தனை பொய் அடுக்கியவளுக்கு அந்த நேரத்தில் ஒரு பொய்கூட அகப்படவில்லை. “கராத்தே கிளாஸுக்குப் போறேன். அங்க கழட்டணும். திரும்பப் போட மறந்துட்டேன்” என்றேன். ரசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார். சோறு புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். எச்சில் கையோடே போனை எடுத்து அவருடைய மைத்துனரைக் கூப்பிட்டார். “மாப்ளே, சங்கதி தெரியுமா? இனிமே வீட்டுக்குள்ள ஹெல்மெட் போட்டுத்தான்டா வரணும். ஒங்க அக்கா கராத்தே படிக்கிறா.” அந்த மாப்பிள்ளை, என் சொந்தத் தம்பி, அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. சிரிப்பைத் தடுக்க எங்களுக்கு எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

“போ போ. ஒடம்பாச்சும் கொறயும்” என்றார் என்னிடம்.

அதற்குப் பிறகு அது ஊர் முழுக்கச் சொல்கிற வேடிக்கையாகிவிட்டது. டீக்கடையில் சொன்னார், ஜீப் ஸ்டாண்டில் சொன்னார், கல்யாண வீடுகளில் சொன்னார். “எங்க வீட்ல அடி வாங்குறது நாந்தான்” என்பார். ஆண்கள் அவர் முதுகில் தட்டிச் சிரிப்பார்கள். விஷயம் தெரிந்த எங்கள் தெருக்காரர்களும் சிரிப்பார்கள். அவர் பக்கத்தில் பட்டுப்புடவையில் நின்றுகொண்டு நானும் சிரிப்பேன். இதை எழுதும்போது இப்போதும் கன்னம் சுடுகிறது.

ஆனால் அந்த மாதங்களில் அவர் கை நீட்டவில்லை. வேடிக்கை பேசிப் பேசி மனது மாறிவிட்டதோ என்று நினைத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அடி விழாமல் கழிந்தபோது அவர் மேல் எனக்கு நன்றி வந்தது. அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அடிக்காமல் இருந்ததற்கு நன்றி. இதைவிடக் கேவலமான ஒன்றை நான் என் வாழ்க்கையில் உணர்ந்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வருடம் குலசாமிக்குக் கிடா வெட்டினோம். தேவாரம் ஊரைத் தாண்டி மலையடிவாரத்தில் எங்கள் சாமி. அவருடைய பங்காளிகள், அக்காமார்கள், என் தம்பி குடும்பம் என்று வேனிலும் ஜீப்பிலும் எல்லோரும் வந்திருந்தார்கள். புளியமரத்தடியில் பந்தி. கறியும் சோறுமாகச் சாப்பிட்டு முடித்து, பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார்கள். நான் அண்டாவை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

“ஏ, இங்க வா. ஒன் கராத்தேய எல்லாருக்கும் ஒரு தடவ காட்டு” என்று என் கணவர் கூப்பிட்டார்.

“சும்மா இருங்க. கையெல்லாம் எண்ணெ.”

“காட்டு ஆத்தா, நாங்களும் பாக்குறோம்ல” என்றார் அவருடைய பெரியக்கா. பிள்ளைகள் “காட்டுங்க, காட்டுங்க” என்று சுற்றி நின்றன. யாரோ போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

எனக்கும் ஆசை இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். இத்தனை பேர் சிரித்த ஒரு காரியம் எனக்கு நன்றாக வரும் என்று காட்டிவிட நினைத்தேன். முக்கியமாக மகள் அங்கே இருந்தாள். வேனின் படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தினாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி, காலை அகற்றி ஊன்றி நின்றேன். ஒன்றிரண்டு பேர் விசிலடித்தார்கள்.

“நல்லா பாத்துக்கங்க” என்று அவர் கூட்டத்துக்குச் சொன்னார். “நான் அடிக்கிற மாதிரி கைய ஓங்குவேன். இவ தடுப்பா.”

சிரித்துக்கொண்டே கையை ஓங்கினார்.

வகுப்பில் எத்தனையோ கைகளை நான் தடுத்திருக்கிறேன். அவை எல்லாம் வேறு கைகள். இந்த உள்ளங்கையை எனக்குத் தெரியும். அதன் மோதிரம் எங்கே படும் என்பதுகூடத் தெரியும். அது மேலே போனதைத்தான் பார்த்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தபோது நான் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தேன். வகுப்பில் வராத அந்தக் குரல் வயிற்றிலிருந்து வந்தது.

“வேணாங்க, வேணாங்க. உள்ள போயி அடிங்க. புள்ள பாக்குறா.”

மரத்தடி முழுவதும் அது கேட்டது. ஒவ்வொரு தடவையும் நான் அவரிடம் சொல்வது அதுதான். அடுப்படியில், மெதுவான குரலில், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

சிரிப்பு நின்றுவிட்டது. போனைத் தூக்கிப் பிடித்திருந்த பையனின் அம்மா அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். நான் எழுந்திருக்கவில்லை. தடுக்கவில்லையே, இத்தனை மாதம் பழகியும் கை போகவில்லையே என்பதுதான் அப்போது என் மனதில் ஓடியது. மாஸ்டரை நினைத்து வெட்கப்பட்டேன். மகளை நினைத்து அதைவிட வெட்கப்பட்டேன். அவள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டது என்ன, பார்த்தது என்ன!

அவருடைய கை இன்னும் இறங்கவில்லை. ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பும் பாதியில் நின்றிருந்தது.

“அப்பா, கைய எறக்குங்க” என்றாள் மகள். வேன் படியிலிருந்து இறங்கி வந்திருந்தாள். சத்தம் போடவில்லை.

அவர் இறக்கினார்.

எங்கள் ஆட்கள் யாரையும் முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள். அன்றைக்கும் கேட்கவில்லை. “சரி சரி, எந்திரிங்க, பாத்திரத்த வண்டியில ஏத்துங்க, வெரசா” என்று பெரியக்கா எல்லோரையும் கிளப்பினார். வந்து என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்; என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தம்பி சாப்பிட்ட இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்துவைக்காதவன் அவன்.

கிளம்பும்போது என் கணவர் ஜீப்பை எடுத்து வந்து நிறுத்தினார். எங்கே போனாலும் அவர் ஜீப்பில்தான் கூட்டம் அடைத்துக்கொண்டு ஏறும். மடியில் பிள்ளை, காலடியில் பாத்திரம், பின்னால் தொற்றிக்கொண்டு நாலு பேர். “எடம் கெடக்கு, வாங்க” என்றார். “நாங்க வேன்ல வர்றோம்ணே” என்றார்கள். “மாப்ளே, நீ வாடா” என்று என் தம்பியைக் கூப்பிட்டார். அவன் காதில் விழாத மாதிரி வேனின் அந்தப் பக்கம் போய் ஏறிக்கொண்டான். நாங்கள் மூன்று பேர் மட்டும் ஜீப்பில் கிளம்பினோம். காலி ஜீப் ரோட்டில் தடதடவென்று ஆடியது.

ஜீப் ஊர் எல்லையைத் தாண்டியது. பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அத்தன பேரு முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டியேடி.”

குரல் உடைந்திருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்பேன். வாய்கூடத் திறந்துவிட்டது. அப்புறம்தான் அவர் சொன்ன வார்த்தை காதில் விழுந்தது. பல்வலி, பாத்ரூம் வழுக்கல், கழுத்து வரை இழுத்து மூடிய முந்தானை என்று இத்தனை வருடம் நான் பொத்திப் பொத்தி வைத்தது என் மானம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

“ஆமாங்க” என்றேன். “ஒங்க மானந்தான்.”